நேரம் கிடைத்தபோது எழுதியவர்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கிறவர்களுக்கு, அதை எழுதுகிறவர் வீட்டில் அந்த வாரம் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது, மளிகைக் கடை பாக்கி தீர்ந்ததா என்பதெல்லாம் தெரிவதில்லை. தெரிய வேண்டியதும் இல்லைதான். சென்னையிலிருந்து ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து சேர வேண்டும்; போன வாரம் விட்ட இடத்திலிருந்து கதை தொடர வேண்டும். எழுதுகிறவர் பாடு எழுதுகிறவருக்கு.

அந்தப் பாடு எத்தகையது என்று தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். தமிழில் எட்டு நாவல்களும் இருநூறுக்கு மேற்பட்ட சிறுகதைகளும் எழுதிய ஒருவர் நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர். 1931 செப்டம்பர் 22ஆம் தேதி செகந்திராபாத்தில் பிறந்த ஜ. தியாகராஜன், வாசகர்களுக்கு அசோகமித்திரன். அவருடைய தகப்பனார் நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். ரயில்வே குடும்பங்கள் குடியிருந்த லான்சர் பாரக், இரட்டை நகரங்களில் வாழும் தமிழர்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும் பெயர். அசோகமித்திரன் கதைகளைப் படித்தவர்களுக்கு, செகந்திராபாத்துக்கே வராதவர்களுக்கும் கூட, அது தெரிந்த இடம்தான்.

செகந்திராபாத்தில் தமிழர்கள் அதிகமாக இருந்தது தற்செயலானதல்ல. கண்டோன்மெண்டில் சென்னை ராணுவப் படைகள் இருந்த காலத்திலேயே அவற்றோடு சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் வந்து தங்கினார்கள். 1862இல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிய சோமசுந்தர முதலியாரை மகபூப் கல்லூரியில் படித்தவர்கள் அறிவார்கள். விவேகானந்தர் அமெரிக்கா புறப்படுவதற்கு முன் 1893இல் அங்கேதான் பேசினார். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு இன்னும் பல குடும்பங்கள் வந்தன. வீட்டில் தமிழ், தெருவில் உருதுவும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கையில் நிஜாம் அரசின் நாணயம் என்று அந்தக் காலத்து வாழ்க்கை தனிரகமாக இருந்தது.

அந்த வாழ்க்கை 1947இலும் 1948இலும் ஆட்டம் கண்டது. நாடு சுதந்திரம் அடைந்தும் நிஜாம் சமஸ்தானம் சேரவில்லை. காசிம் ரஜ்வியின் ரஜாக்கர்கள், பயந்து ஊரைவிட்டுப் போன குடும்பங்கள், வந்து சேர்ந்த அகதிகள், பிறகு 1948 செப்டம்பர் 13ஆம் தேதி உள்ளே வந்த இந்தியப் படை எல்லாவற்றையும் அந்த ரயில்வே வீட்டுப் பையன் பார்த்தான். 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். பையனுக்குப் பதினேழு வயது பூர்த்தியாக இன்னும் ஐந்து நாள் இருந்தது.

எழுத்தாளராகப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்த அனுபவம் நாவலாகப் புத்தக வடிவில் வந்தது 1977இல். ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ என்ற அந்த நாவலுக்கும் அது சொல்லும் சம்பவங்களுக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருஷம் இருக்கிறது. அந்த முப்பது வருஷம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

கத்தரித்து ஒட்டும் உத்தியோகம்

தகப்பனார் காலமானார். குடும்பப் பொறுப்பு இருபது வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. தகப்பனாருக்குச் சிநேகிதரான எஸ்.எஸ். வாசன் சென்னைக்கு வரச் சொல்லி ஜெமினி ஸ்டூடியோவில் வேலை கொடுத்தார். 1952இல் அசோகமித்திரன் செகந்திராபாத்தை விட்டார்.

ஜெமினி என்றதும் நட்சத்திரங்களையும் ‘சந்திரலேகா’ முரசு நடனத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது செய்தித்தாள்களிலிருந்து ஸ்டூடியோவுக்கு வேண்டிய விஷயங்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. கத்தரிக்க முடியாததைக் கையால் எழுதி வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு, நாள் பூராவும் ஒருவன் உட்கார்ந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். சும்மா இருக்கிறானே என்று ஆளாளுக்கு அவருடைய சிறிய அறைக்குள் நுழைந்து உபதேசம் செய்துவிட்டுப் போவார்களாம். இதை அவரே ஆங்கிலத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையின் ஒரு பகுதியை நம் ஊர் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பிள்ளைகள் ஆங்கிலப் பாடமாகவே படித்திருப்பார்கள். எழுதியவர் செகந்திராபாத் தமிழர் என்பதை எத்தனை வகுப்புகளில் சொன்னார்களோ தெரியாது.

அதே கட்டுரையில் ஒரு சிறிய செய்தி வருகிறது. ‘என்கவுண்டர்’ என்ற ஆங்கிலேயப் பத்திரிகை சிறுகதைப் போட்டி வைக்கிறது. கதையை அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைக்கிறார். ஆனால் சீமைக்குத் தபால் செலவு கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் செலவு செய்வதற்கு முன் பத்திரிகை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய்ப் பார்க்கிறார். கதை எழுதுவது ஒரு கவலை. அதற்குத் தபால் தலை ஒட்டுவது இன்னொரு கவலை. சம்பளக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தக் கணக்கு விளக்காமலே விளங்கும்.

பதினாலு வருஷம் அந்த ஸ்டூடியோவில் இருந்தார். 1966இல் வெளியே வந்தார். அதற்குப் பிறகு எழுத்துதான் தொழில்.

முப்பத்தைந்து வயதில், மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒரு மனிதர் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தமிழில் கதை எழுதிப் பிழைப்பது என்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போவார்கள். அந்த நாளில் பெரிய வாரப் பத்திரிகைகளில் இடம்பிடித்த தொடர்கதை ஆசிரியர்களுக்கு வருமானம் உண்டு. அசோகமித்திரன் எழுதியதோ பெரும்பாலும் சிறிய பத்திரிகைகளில். சினிமா உலகத்துச் சில்லறை மனிதர்களைப் பற்றிய ‘கரைந்த நிழல்கள்’ நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’ இதழில் தொடராக வந்தது. பதினாலு வருஷம் சம்பளம் கொடுத்த ஸ்டூடியோ, சம்பளம் நின்ற பிறகு ஒரு நல்ல நாவலைக் கொடுத்தது. ஆனால் நாவல் மாதாமாதம் அரிசி வாங்கிக் கொடுக்காது.

அதனால் அவர் பல வேலைகளைச் சேர்த்துச் செய்தார். கி. கஸ்தூரிரங்கன் 1965இல் டில்லியிலிருந்து தொடங்கிய ‘கணையாழி’க்குச் சென்னையிலிருந்து ஆசிரியப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல். ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் புத்தக மதிப்புரைகளும் எழுதினார்.

சிறு பத்திரிகையில் ஆசிரியராக இருப்பது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வருகிற கதைகளை எல்லாம் படிக்க வேண்டும். நன்றாக இல்லாததைத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினால் விரோதம். நன்றாக எழுதுகிறவர்களிடம் கதை கேட்டு நடக்க வேண்டும். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோவார்கள். அச்சகத்தில் எழுத்துக் கோத்து வந்த புரூப்பைத் திருத்த வேண்டும். தேதி தவறினால் சந்தாதாரர் கடிதம் எழுதுவார், தேதி தவறாமல் வந்தால் எவரும் எழுதமாட்டார். மற்றவர்கள் எழுத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்தபின் தன் எழுத்துக்கு மிஞ்சுவது என்ன?

மிஞ்சியது விடியற்காலையும், தியாகராய நகர் நடேசன் பூங்காவும். வீட்டில் இடமும் அமைதியும் போதாதபோது பூங்காவில் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மாலையில் காற்று வாங்க வருகிறவர்களும், சுண்டல் விற்கிறவர்களும், வேலை தேடி அலைந்து களைத்துப்போய்ப் படுத்திருக்கிறவர்களும் வரும் பூங்கா அது. அங்கே தொடைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதும் மெலிந்த மனிதரை யாரும் இன்னார் என்று தெரிந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

கோத்தெடுத்த நேரம்

அவருடைய வாக்கியங்களைப் பற்றி விமர்சகர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், அலங்காரம் கிடையாது, குரலை உயர்த்துவது கிடையாது. அது அவர் மனப்போக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் என்று பொறுக்கி எடுத்த நேரத்தில் எழுதுகிறவருக்கு வளவளப்புக்கு இடம் ஏது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. ‘தண்ணீர்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் புத்தகமாக வந்தது. சென்னையில் குழாயில் தண்ணீர் வராத காலம். ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், குடத்தோடு அலையும் ஒரு தெரு. தெருக்குழாயடியில் நின்று பழகாதவர் அதை எழுதியிருக்க முடியாது. வீட்டுக் கஷ்டம் அவருக்கு எழுத்தைத் தடுக்கவும் செய்தது, எழுத விஷயமும் கொடுத்தது.

இதைச் சொல்லும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளன் பட்டினி கிடந்தால்தான் நல்ல இலக்கியம் வரும் என்று சிலர் பேசுகிறார்கள். இது சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பேசுகிற பேச்சு. 1973இல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலை நடத்தும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு அசோகமித்திரன் அழைக்கப்பட்டார். சில மாதங்கள் தனி அறை, சாப்பாட்டுக் கவலை இல்லை, எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த நாட்களிலிருந்து ‘ஒற்றன்’ பிறந்தது. அதில் ஓர் எழுத்தாளர், தாம் எழுதப்போகும் நாவலுக்குப் பெரிய வரைபடமே போட்டு வைத்திருப்பார். பூங்கா பெஞ்சில் எழுதிப் பழகியவர் அந்த வரைபடத்தை என்ன கண்ணோடு பார்த்திருப்பார் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது. வசதி வந்ததால் அவர் எழுத்து கெட்டுப்போகவில்லை. ‘ஒற்றன்’ அவருடைய நல்ல புத்தகங்களில் ஒன்று.

கெடு வைத்து எழுதியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வாராவாரம் எழுதினார்; பத்திரிகையும் அவருடையதே ஆனதால் சால்ஜாப்பு சொல்ல வேறு ஆசிரியர் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். பாதியில் நின்ற ‘அமரதாரா’வை அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். தகப்பனார் போன துக்கத்தோடு தகப்பனாரின் தொடர்கதையையும் சுமந்த பெண். இங்கிலாந்தில் டிக்கன்ஸ் ஒரே சமயத்தில் இரண்டு கதைகளை மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தவர். 1837 மே மாதம் கூடவே வாழ்ந்த மைத்துனி திடீரென்று இறந்துபோனதும், ஜூன் மாதம் இரண்டு கதையும் வரவில்லை. வாசகர்கள் என்னென்னவோ வதந்தி பேசினார்கள்.

ஆண்டனி டிராலப்பின் கதை வேறு. அவர் இங்கிலாந்தில் தபால் இலாகா அதிகாரி. காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதிவிட்டு ஆபீசுக்குப் போவார். நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் இப்படியே வந்தன. தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவரும் வேலைக்காரருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் அதிகமாகக் கொடுத்ததாகவும், தம் வெற்றியில் அவருக்கும் பங்கு உண்டு என்றும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். காப்பி கொண்டுவந்தவரை நினைத்த நாவலாசிரியர்கள் அபூர்வம். நம் வீடுகளில் அந்தக் காப்பியைக் கொண்டுவருகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, முன்னுரையில் பெயரும் அநேகமாகக் கிடையாது.

காப்பி போடுகிறவரே நாவலாசிரியராகவும் இருந்தால்? இதற்கு நம் ஊரிலேயே பதில் உண்டு. தெலுங்கு படிக்கத் தெரிந்த அண்டை வீட்டு அம்மாளிடம் யத்தனபூடி சுலோசனாராணி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கிருஷ்ணா மாவட்டத்துக் காஜா கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்தவர். 1960களில் ‘ஜோதி’ மாத இதழில் தொடராக வந்த அவருடைய ‘செக்ரட்டரி’ நாவல் தெலுங்கு வீடுகளைக் கட்டிப்போட்டது. 1976இல் நாகேஸ்வர ராவும் வாணிஸ்ரீயும் நடிக்கப் படமாகவும் வந்தது. ‘மீனா’, ‘ஜீவன தரங்காலு’ என்று அவர் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சினிமாவாயின. அந்தக் காலத்தில் தெலுங்குப் பத்திரிகைகளில் பெண் எழுத்தாளர்களுக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து, ஆண்களே பெண் பெயரை வைத்துக்கொண்டு எழுதினார்கள்! நமக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்களுக்கு உண்மையில் சொந்தக்காரர்களான பெண்கள் எப்போது எழுதினார்கள் என்று யோசிக்க வேண்டும். வீட்டு வேலை முடிந்த பிறகுதான் பெரும்பாலோருக்கு எழுத்து. சத்தம் அதிகமாக இருக்கிறது, பூங்காவுக்குப் போய் எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததில்லை. சுலோசனாராணி 2018இல் அமெரிக்காவில் காலமானபோது, அவரைப் படித்து வளர்ந்த மூன்று தலைமுறைப் பெண்கள் வருந்தினார்கள்.

தமிழிலும் தெலுங்கிலும் இப்படி எழுதப்பட்டவை ஒன்றுக்கொன்று போய்ச் சேருவதற்கும் யாரோ ஒருவர் நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. தெலுங்கு நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கிய கௌரி கிருபானந்தன், வோல்காவின் ‘விமுக்தா’வை ‘மீட்சி’ என்று தந்ததற்காக 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். சந்தோஷமான விஷயம்.

இருபத்தைந்து வருஷம் கழித்து

நாம் செகந்திராபாத்துக்குத் திரும்பலாம். 1952இல் விட்டுப்போன ஊரைப் பற்றிய நாவல் 1977இல் வந்தது. கதாநாயகன் சந்திரசேகரன் கல்லூரி மாணவன், கிரிக்கெட் பைத்தியம். ரயில்வே குடியிருப்பில் அவனைச் சுற்றி முஸ்லிம் வீடுகளும் ஆங்கிலோ இந்திய வீடுகளும் இருக்கின்றன. நேற்றுவரை ஒன்றாக விளையாடியவர்கள் இன்று முறைத்துக்கொள்கிறார்கள். போலீஸ் நடவடிக்கை முடிந்து, பயம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறுகிறது. கடைசியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடும் சந்திரசேகரன், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் ஏழை முஸ்லிம் பெண் செய்யத் துணியும் காரியத்தைக் கண்டு வெட்கம் தாங்காமல் ஓடுகிறான். படித்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் மறக்காது. ஜெயித்தவர்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கூனிக்குறுகி ஓடும் இந்த முடிவை 1948இல் யாரும் எழுதியிருக்க முடியாது. அந்தப் பையனே கூட எழுதியிருக்க முடியாது.

சம்பளம், தகப்பனார் இல்லாத குடும்பம், ஸ்டூடியோக் கோப்புகள், பிள்ளைகள் படிப்பு, ‘கணையாழி’ புரூப் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றதில் அந்த ஊர் அவருக்குள் காத்திருந்தது. காத்திருந்ததால் கெட்டதா, கனிந்ததா என்று கேட்டால், இந்த ஒரு நாவலைப் பொறுத்தவரை கனிந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் நேரமே கிடைக்காமல் அவருக்குள்ளேயே தங்கிப்போன கதைகள் எத்தனையோ, அவற்றுக்குக் கணக்கு இல்லை.

அந்த நாவலோடு செகந்திராபாத் தீர்ந்துவிடவும் இல்லை. லான்சர் பாரக்கும் ரயில்வே மனிதர்களும், தகப்பனாருக்கு வாய்த்த முஸ்லிம் சிநேகிதர்களும் அவருடைய சிறுகதைகளில் கடைசிவரை வந்துகொண்டிருந்தார்கள். எண்பது தாண்டியும் எழுதினார். 2017 மார்ச் 23ஆம் தேதி சென்னையில் காலமானார். சாகித்திய அகாதெமி அவருக்கு 1996இல் பரிசு கொடுத்தது. ‘அப்பாவின் சிநேகிதர்’ என்ற தொகுதிக்கு. தலைப்புக் கதையே நம் ஊர்க் கதை. அப்போது அவருக்கு 65 வயது. பரிசுத் தொகை 25,000 ரூபாய். அவர் மாதச் சம்பளத்தை விட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது.